டிவி வாங்கப் போகிறீர்களா? 4கே, எச்.டி.ஆர். முத்திரைகளை விடுங்கள், பேனலைப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதனால் 43 இஞ்ச் போதும் என்று கிளம்புகிறவர்கள்கூட கடைக்குப் போனதும் 55 இஞ்ச் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் மிச்சமாகும் பணத்தை அளவில் போடுவதைவிடப் பேனலில், அதாவது படம் தெரியும் திரையில் போடுங்கள் என்பதுதான், அக்கா வீட்டுக்கு டிவி வாங்கச் சென்னையில் பல கடைகள் ஏறி இறங்கிய பிறகு நான் உறுதியாகச் சொல்வது.

முதலில் 4கே. இதை ஒரு சிறப்பம்சமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், 43 இஞ்சுக்கு மேல் இன்று கடையில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே 4கேதான். கேள்வி என்னவென்றால், வீட்டில் ஓடப்போவது என்ன? சாதாரண கேபிள் சேனல் வெறும் 576 கோடுகள், எச்.டி. சேனல் 1080 கோடுகள். 4கே டிவியிலோ 2160 கோடுகள் இருக்கின்றன. மிச்சத்தை டிவியே கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். விலை குறைந்த டிவிகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன: சீரியலில் வரும் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். கடையில் ஓடும் கிளி, பூ, அருவி வீடியோவில் இது எதுவும் தெரியாது, அது 4கேயிலேயே எடுத்தது. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, செட்டாப் பாக்ஸ் மாட்டி எச்.டி. இல்லாத சேனல் ஒண்ணு போடுங்க." மோசமான சிக்னலைச் சீராக்கிக் காட்டுவதில் என் ஓட்டு சோனிக்கு. விலை கூடத்தான், ஆனால் நாள் முழுக்க கேபிள் ஓடும் வீடாக இருந்தால் அந்த வித்தியாசம் தினமும் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது பேனல். எல்.இ.டி., கியூ.எல்.இ.டி. என்று என்ன பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது எல்.சி.டி.தான், பின்னால் விளக்கு எரிகிறது, முன்னால் பேனல். அந்தப் பேனலில் பெரும்பாலும் இரண்டு வகை: ஐ.பி.எஸ்., வி.ஏ. பெட்டியில் இதைப் போட மாட்டார்கள், விற்பவருக்கும் பல நேரம் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும். நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் நாலு எட்டு தள்ளிப் போங்கள். வி.ஏ. என்றால் முகங்கள் வெளுக்கும், அடர்சிவப்புப் புடவை ரோஸ் பக்கம் போகும். ஐ.பி.எஸ்.ஸில் நிறம் அவ்வளவாக மாறாது, ஆனால் அதில் கறுப்பு கறுப்பாக இருக்காது. இரவுக் காட்சி வந்தால் படத்துக்கு மேலும் கீழும் உள்ள பட்டைகள் சாம்பலாகத் தெரியும். ஐ.பி.எஸ்.ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், ஏறக்குறைய 1000-க்கு 1, வி.ஏ.வில் அது மூன்று, நாலு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல்.

எது நல்லது என்பது உங்கள் ஹாலைப் பொறுத்தது. அக்கா வீட்டில் சோபா ஒரு பக்கம், திவான் இன்னொரு பக்கம், சாப்பாட்டு மேசையிலிருந்தும் இரண்டு பேர் பார்ப்பார்கள், பாட்டி தரையில்தான் உட்காருவார். அங்கே ஐ.பி.எஸ்.தான் சரி. இருட்டறையில் நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்க்கிற ஆளுக்கு வி.ஏ. முக்கியமான இன்னொன்று: ஒரே மாடலில் 43 இஞ்சுக்கு ஒரு வகைப் பேனலும் 55 இஞ்சுக்கு வேறு வகையும் வரலாம், அதனால் நண்பர் வீட்டில் 43-ஐப் பார்த்துவிட்டு 55-க்கு ஆர்டர் போடாதீர்கள்.

எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் பட முறை, அதன் முத்திரை எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. அந்த சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் மட்டுமே உள்ள டிவியில் எச்.டி.ஆர். படம் பல நேரம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத்தான் தெரியும். 600-க்கு மேல் போனால்தான் ஏதாவது பலன் உண்டு. மதியம் வெயில் அடிக்கும் ஹாலுக்கு எச்.டி.ஆர். இல்லாவிட்டாலும் இந்த வெளிச்சம் தேவை. எச்.டி.ஆரிலேயே டால்பி விஷன், எச்.டி.ஆர்.10 பிளஸ் என்று வகைகள் உண்டு, சாம்சங்கில் டால்பி விஷன் கிடையாது, எச்.டி.ஆர்.10 பிளஸ்தான். அதற்காக ஒரு நல்ல பேனலை ஒதுக்க வேண்டியதில்லை.

ஓ.எல்.இ.டி. வாங்கப் பணம் இருந்தால்? ராத்திரி விளக்கை அணைத்துப் படம் பார்க்க அதை அடிக்க ஆளில்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே அணைந்துகொள்வதால் கறுப்பு நிஜமான கறுப்பு, பக்கவாட்டிலும் நிறம் நிற்கும். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை நியூஸ் சேனல் ஓடுகிற வீடு என்றால் வேண்டாம். கீழே ஓடும் பட்டையும் மூலையில் உள்ள லோகோவும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் திரையில் தடம் விழும் அபாயம் உண்டு.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் ஹெர்ட்ஸை, அதாவது திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "மோஷன் ரேட் 120" என்று போட்டிருந்தால் பேனல் 120 ஹெர்ட்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், பல மாடல்களில் உள்ளே இருப்பது 60தான். விவரப் பட்டியலில் 'ரெஃப்ரெஷ் ரேட்' என்று தனியாக என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 5 இருந்தாலும் அந்த எண்தான் கணக்கு, கூடவே 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் வாங்கும் எச்.டி.எம்.ஐ. 2.1 துளை.

குரல் கட்டளை, ஆப் எண்ணிக்கை இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். மென்பொருள் சில வருடத்தில் மந்தமாகிவிடும், அப்போது ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் முடிந்தது. பேனலை அப்படி மாற்ற முடியாது. மூன்று எச்.டி.எம்.ஐ. துளைகள், அதில் ஒன்று இ.ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் துளை) இருந்தால் போதும், பின்னால் சவுண்ட் பார் மாட்டிக்கொள்ளலாம். இவ்வளவு மெல்லிய டிவியில் நல்ல ஒலியை எதிர்பார்ப்பது வீண். வாரண்டியில் பேனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள், ஏனென்றால் வாரண்டி முடிந்த பிறகு பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும்.

மாட்ட வருபவர் சுவரில் உயரத்தில்தான் ஆணி அடிப்பார், விடாதீர்கள். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே திரையின் நடுப்பகுதி வர வேண்டும், வி.ஏ. பேனல் கீழேயிருந்து பார்த்தாலும் வெளுக்கும். அப்புறம், படத்தின் அமைப்பை 'விவிட்'டிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றுங்கள், முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். படம் பார்க்கும்போது, அசைவை வழவழப்பாக்க டிவியே இடையில் படங்களைச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் படமும் சீரியல் மாதிரிதான் ஓடும். செட்டாப் பாக்ஸிலிருந்து பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. கேபிளைப் போட்டு, பாக்ஸின் அமைப்பில் 1080 என்று வைத்துவிடுங்கள். எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டிக்கொண்டே அந்தப் பழைய ஒயரில் மங்கலாகப் பார்க்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.