சஸ்பீரியா: எந்த வட்டில் இருக்கிறது அந்தச் சிவப்பு?

இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் 'சஸ்பீரியா' (1977) என்ற திகில் படத்தை எங்கே பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், எந்த சஸ்பீரியா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரே படம்தான். ஆனால் 2007இல் உருவான ஹெச்டி மாஸ்டர் (வட்டுகளுக்கு மூலமாக வைக்கும் டிஜிட்டல் பிரதி), பழைய ஃபிலிமைச் சுத்தம் செய்து நிறம் சரிசெய்து 2017இல் முடிந்த ஜெர்மன் மீட்டெடுப்பு, அதே ஆண்டில் அமெரிக்க சினாப்ஸ் நிறுவனம் வட்டாக வெளியிட்ட மீட்டெடுப்பு என மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் வேறு வேறு படம் பார்த்தது போலிருக்கும். இந்தப் படத்துக்கு நிறம்தான் எல்லாம், கதைகூட அதற்கு அப்புறம்தான். அதனால் எந்த வட்டு என்பதை வசதியைப் பார்த்து முடிவு செய்துவிட முடியாது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சரி செய்துவிடலாம். இது பழைய டெக்னிகலர் கேமராவில் எடுத்த படம் என்று பலர் எழுதுகிறார்கள். எடுத்தது சாதாரண ஈஸ்ட்மன்கலர் நெகட்டிவில். ஒளிப்பதிவாளர் லூசியானோ டோவொலி, இயக்குநர் அன்டோனியோனிக்காக இயல்பு வெளிச்சத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர், இந்தப் படத்தில் நேர் எதிர்த் திசைக்குப் போனார். வலுவான ஆர்க் விளக்குகளுக்கு முன்னால் வண்ண வெல்வெட் துணியும் மெல்லிய காகிதமும் கட்டிய சட்டங்களை நடிகர்களின் முகத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். டெக்னிகலர் வந்தது அதற்கு அடுத்த கட்டத்தில், ரோம் நகரில் பிரிண்ட் போட்டபோது. நெகட்டிவிலிருந்து மூன்று அச்சுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாயத்தை ஏற்றி, துணியில் அச்சுக் குத்துவது போல ஒன்றன்மேல் ஒன்றாக வெற்று ஃபிலிமில் பதிக்கும் முறை அது. கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்கும், சாயம் எளிதில் வெளுக்காது. அமெரிக்காவில் அந்த முறையை 1970களின் நடுவிலேயே கைவிட்டிருந்தார்கள். அதில் அச்சான கடைசிப் படங்களில் ஒன்று என்று சஸ்பீரியாவைச் சொல்வது அதனால்தான்.

இதில்தான் சிக்கல். நெகட்டிவை எவ்வளவு நன்றாக ஸ்கேன் செய்தாலும் 1977இல் திரையில் தெரிந்த நிறம் அதில் நேரடியாகக் கிடைக்காது, பாதி நிறம் பிரிண்ட் போட்ட முறையில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு மீட்டெடுப்பும் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: எதை அளவுகோலாக வைத்து கலர் கிரேடிங் (நிறத்தைச் சரிசெய்யும் வேலை) செய்தீர்கள்?

2007 மாஸ்டர் இந்தக் கேள்வியில் தோற்றுப்போனது. பிரிட்டனில் 2010இல் வந்த ப்ளூரே அதிலிருந்து எடுத்ததுதான். நானும் முதலில் பார்த்தது அதைத்தான், பல நாள் அதுதான் படம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கான்ட்ராஸ்ட்டைக் கண்டபடி ஏற்றியிருந்தார்கள். வெளிச்சம் விழும் இடமெல்லாம் வெளிறி விவரம் அழிந்து, சிவப்பு நியான் விளம்பரப் பலகை மாதிரி எரியும். கதை நடக்கும் நடனப் பள்ளியின் பயிற்சிக் கூடத்தில் மாணவிகள் வரிசையாகப் படுத்திருக்க, சுற்றிலும் கட்டிய வெள்ளைத் துணிகள் விளக்கணைந்ததும் சிவப்பாக மாறுமே, அந்தக் காட்சியில் துணியின் மடிப்பு தெரிய வேண்டும், மடிப்புக்குப் பின்னால் நிழலுருவம் மெல்லத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே சிவப்புப் பூச்சாகப் போய்விட்டால் பயத்துக்கு இடமே இல்லை. இன்னும் இணையத்தில் இந்த மாஸ்டரின் ஸ்கிரீன்ஷாட்களைப் போட்டு 'என்ன நிறம்!' என்று வியக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டு குழுக்களும் அசல் கேமரா நெகட்டிவின் 4கே (ஹெச்டியைவிட நுட்பமான) ஸ்கேனை வைத்து, ஏறக்குறைய ஒரே காலத்தில், தனித்தனியாக வேலை பார்த்தன. ஜெர்மனியில் டார்ஸ்டன் கைசரின் டிஎல்இ பிலிம்ஸ் செய்தது படத்தின் 40ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் மறுபடி திரைக்கு வந்தது, பிரிட்டனில் கல்ட்பிலிம்ஸ் நிறுவனம் அதை வட்டாக்கியது. அமெரிக்காவில் சினாப்ஸின் டான் மே ஜூனியர் சில ஆண்டுகள் இதிலேயே கிடந்து, 2017 டிசம்பரில் முதலில் ஸ்டீல்புக்காகவும் (உலோக உறையில் வரும் சிறப்புப் பதிப்பு) 2018இல் சாதாரண ப்ளூரேயாகவும் 2019இல் 4கே வட்டாகவும் வெளியிட்டார்.

ஜெர்மன் மீட்டெடுப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. சுத்தம் செய்த வேலை நேர்த்தியானது, படம் ஆடாமல் அசையாமல் நிற்கிறது, 2007இல் தொலைந்த விவரங்கள் திரும்பி வந்திருக்கின்றன. என் கண்ணுக்கு அது சற்று வெளிச்சமாக இருக்கிறது. நிழலுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரிகிறது, சுவரில் ஒட்டிய அலங்காரக் காகிதத்தின் கோலங்களை எண்ணிவிடலாம். புதிதாகப் பார்க்கிறவருக்கு இது பிடித்துப்போகும் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தப் படத்தின் நிழலுக்குள் எல்லாமே தெரிய வேண்டுமா என்ற கேள்வி எனக்கு அங்கேதான் வருகிறது.

சினாப்ஸ் வட்டில் கறுப்பு கனமாக இருக்கிறது. மியூனிக் விமான நிலையத்தில் கதாநாயகி சூசி (ஜெசிகா ஹார்ப்பர்) கதவைத் தாண்டி மழைக்குள் வரும் அந்த முதல் சில நிமிடங்களை மட்டும் பாருங்கள். டாக்சிக்குள் அவள் முகத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி விழுகின்றன, ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள் நிற்கிறது, தோலின் நிறம் அதற்கடியில் உயிரோடு இருக்கிறது. இந்த நிறத்தை டோவொலியே மேற்பார்வையிட்டு ஒப்புதல் கொடுத்திருக்கிறார். நாற்பது வருடம் கழித்து ஒருவரின் நினைவை நம்பலாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். படைத்தவர்களே பிற்காலத்தில் மனம் மாறி தங்கள் படங்களின் நிறத்தை மாற்றிய கதைகள் உண்டு. இந்த வட்டில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றைய படம் மாதிரி ஆக்கும் முயற்சி இல்லை, ஃபிலிமில் இயல்பாகத் தெரியும் நுண்துகள்களைத் (கிரெயின்) துடைத்து மெழுகுப் பொம்மை ஆக்கவில்லை. வெல்வெட் சட்டத்தைப் பிடித்து நிறுத்திய மனிதரே உட்கார்ந்து பார்த்தார் என்பதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

ஆனால் என் முடிவை உறுதி செய்தது படம் அல்ல, ஒலி. கோப்ளின் குழுவின் இசையைப் படப்பிடிப்பிலேயே சத்தமாக ஒலிக்கவிட்டு அர்ஜென்டோ காட்சி எடுத்தார். நேரடி ஒலிப்பதிவு கிடையாது, நடிகர்கள் அவரவருக்கு வந்த மொழியில் பேசினார்கள், பேச்சு முழுக்கப் பிறகு சேர்த்ததுதான். ஆகவே இத்தாலியப் படம், இத்தாலிய ஒலியில்தான் பார்க்க வேண்டும் என்ற விதி இங்கே செல்லாது. ஜெசிகா ஹார்ப்பரின் சொந்தக் குரல் ஆங்கிலத் தடத்தில்தான் இருக்கிறது. 1977இல் ஆங்கிலப் பதிப்புக்காக இடது, நடு, வலது, பின்பக்கம் என நான்கு தட ஒலிக்கலவை ஒன்று செய்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த பதிப்புகளில், 2001இல் அமெரிக்காவில் வந்த மூன்று வட்டு டிவிடி உட்பட, அதை நவீனமாக்குகிறேன் என்று மறுகலவைகளைத்தான் கொடுத்தார்கள். சினாப்ஸ் அந்த அசல் நான்கு தடத்தையே மீட்டு, 4.0ஆகவே வைத்தது. கேட்டுப் பாருங்கள், இசையும் பேச்சும் மோதுகிற விதமே வேறு. கிசுகிசுப்பும் பெருமூச்சும் அறையைச் சுற்றி வருகிற இடத்தில் நான் விளக்கைப் போட்டுவிட்டேன். கல்ட்பிலிம்ஸின் பிரிட்டன் வட்டில் இருப்பது 5.1 (ஐந்து ஒலிபெருக்கியும் ஒரு சப்வூஃபரும் கொண்ட கலவை). கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1977இல் தியேட்டரில் கேட்டது அது கிடையாது.

கூடுதல் அம்சங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சினாப்ஸில் படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் இரண்டு வர்ணனைத் தடங்கள் இருக்கின்றன, ஜெர்மனியில் படம்பிடித்த இடங்களைத் தேடிப் போகும் ஒரு சிறு படமும் உண்டு. ஃப்ரைபுர்க் நகரின் திமிங்கல வீட்டைப் பார்த்துத்தான் நடனப் பள்ளியின் முகப்பைச் செய்தார்கள் என்று தெரிந்தபின் மறுபடி படம் பார்ப்பது தனி சுகம்.

வாங்குவதாக இருந்தால் சினாப்ஸின் 4கே வட்டு, அதில் ஆங்கில 4.0 தடம். சாதாரண ப்ளூரேயின் நிற எல்லைக்குள் அடங்காத ஆழ்ந்த சிவப்பு 4கேயில் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ப்ளூரேக்கு அமெரிக்கா A, பிரிட்டன் B, இந்தியா C என்று மண்டலம் பிரித்திருக்கிறார்கள், வெளிநாட்டு வட்டு நம் பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே வட்டுக்கு அந்தப் பூட்டு கிடையாது. கல்ட்பிலிம்ஸின் பிரிட்டன் வட்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம், டிவியில் பிரைட்னஸை மட்டும் ஒரு படி குறைத்து, அறையை முழுக்க இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள்.