காட்டில் நூற்றுக்கு நூறு, கறிக்கடையில் கோட்டை விட்டார்கள்

அக்டோபர் மூன்றாவது வாரம், மூன்று பகல் இரண்டு இரவு, மானும் வான்கோழியும் சேர்ந்த வேட்டைப் பேக்கேஜ். விலை 1,450 டாலர். இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கே வெர்னன் கவுண்டி, கிக்கபூ ஆறு வளைந்து வளைந்து போகிற பள்ளத்தாக்கில் ஒரு பழைய பண்ணை. மேடிசனில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். நடத்துகிற கம்பெனியின் பெயரைப் போடப்போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் கைடு பெரியவர் ஒருவருக்காகத்தான் இந்த நாகரிகம், மற்றபடி அவர்கள்மேல் எனக்குப் பெரிய கரிசனம் எதுவும் கிடையாது.

இந்த மாதிரி இடங்களுக்கு ஆன்லைனில் வரும் ரிவ்யூக்களைப் படித்தால் எல்லாம் கொம்பைப் பற்றியே இருக்கும். எத்தனை கிளை, எவ்வளவு அகலம், கூடவே பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோ. மான் விழுந்த பிறகு அந்தக் கறிக்கு என்ன ஆனது என்று ஒருத்தரும் எழுதக் காணோம். நான் போனதே கறிக்காக, அதனால் இந்த ரிவ்யூ கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

முதலில் சட்டம். இந்த மாநிலத்தில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால்தான் உரிமம். போன வருஷக் குளிர்காலத்திலேயே நான் முடித்து வைத்திருந்தேன். இங்கே குடியிருப்பவருக்கு மான் உரிமம் 24 டாலர்தான், வான்கோழிக்குத் தனி. இரண்டும் பேக்கேஜ் விலையில் சேராது. எச்1பி நண்பர்கள் துப்பாக்கியைத் தொடலாமா என்று கேட்கிறார்கள்: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆனாலும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்பவர் ஒரு வான்கோழிக்காக வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். "மான் அடிச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்களேடா!" என்று பதறிவிட்டார். தப்பில்லை, 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் வளர்ந்த நமக்கெல்லாம் மான்கறி என்றாலே கோர்ட்டும் கேஸும்தான் நினைவுக்கு வரும். "இங்க லைசென்ஸ் தர்றாங்கம்மா, மான் ரொம்பப் பெருகிப்போச்சு" என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. "எதுக்கும் போட்டோ எதுவும் போட்டுத் தொலைக்காதே" என்று வைத்துவிட்டார்.

தங்குமிடம் சுமார். நாலு கட்டில், ஒரு பாத்ரூம், சுவருக்குள் எலி. சாப்பாடு பரவாயில்லை, முதல் ராத்திரி கொடுத்த சில்லி என்கிற பீன்ஸ்-கறிக் குழம்பில் மிளகாய் என்ற பேச்சே இல்லை. காபி வெந்நீர். இதுக்கெல்லாம் நான் மார்க் குறைக்கவில்லை.

குறைத்தது பரணுக்கு. மரத்தில் பதினைந்து அடி உயரத்தில் ஏணி வைத்துக் கட்டிய இரும்புப் பரண், அதில் ஏறி உட்காரப் பாதுகாப்பு வார் ஒன்று கொடுத்தார்கள். அதன் உள்பக்கம் தைத்திருந்த துணிச்சீட்டைச் சும்மா திருப்பிப் பார்த்தால் தயாரித்த வருஷம் 2013. இந்த வார்களுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள் என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே வேட்டைக்குப் போய் அடிபடுகிறவர்களில் பரணிலிருந்து விழுந்தவர்கள் எக்கச்சக்கம். ஆபீஸில் இருந்த பையனிடம் காட்டினேன். "இதுவரை யாரும் விழலையே" என்றான். கைடு பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் டிரக்குக்குப் போய், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது வார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தது.

இந்தப் பெரியவரைப் பற்றி எழுதத்தான் பாதி ரிவ்யூ. அறுபது தாண்டியவர், பக்கத்திலேயே மாட்டுப்பண்ணை, இலையுதிர் காலத்தில் மட்டும் கைடு. அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பக்கம் வான்கோழியே கிடையாதாம். விஸ்கான்சினில் 19ஆம் நூற்றாண்டிலேயே சுட்டுத் தீர்த்துவிட்டார்கள், காட்டையும் வெட்டிவிட்டார்கள். 1976-ல் மிசௌரி மாநிலத்திலிருந்து பிடித்துவந்து முதன்முதலில் இதே வெர்னன் கவுண்டியில்தான் விட்டிருக்கிறார்கள். பண்டமாற்று: இவர்கள் கிரௌஸ் என்கிற காட்டுப்பறவையைப் பிடித்துக் கொடுக்க, அவர்கள் வான்கோழியைக் கொடுத்தார்கள். இப்போது ரோட்டோரச் சோளக்காட்டில் கோழி மேய்கிற மாதிரி மேய்கிறது.

இரண்டாம் நாள் காலை வான்கோழி. வசந்தகால வேட்டையில் ஆண்கோழி பெட்டையைத் தேடி அலறிக்கொண்டு தானாக வரும், அதைத்தான் எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இலையுதிர் காலத்தில் அந்த நாடகம் கிடையாது. தாய்க்கோழிகளும் அந்த வருஷத்துக் குஞ்சுகளும் கூட்டமாகத் திரியும், ஆணோ பெட்டையோ எதையும் அடிக்கலாம். ஆனால் கூட்டத்துக்கு நாற்பது கண், பக்கத்தில் போகவே முடியாது. அதனால் முதலில் கூட்டத்தைச் சிதற அடிக்க வேண்டும். எப்படி என்று கேட்டேன், பெரியவர் சிரித்தார். ஓக் மரச் சரிவில் பதினைந்து இருபது கோழிகள் இலையைக் கிளறிக்கொண்டிருந்தன. துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஹோ ஹோ ஹோ" என்று கத்தியபடி அந்த மனுஷன் சரிவில் ஓடினார் பாருங்கள், களத்துமேட்டில் காயப்போட்ட நெல்லில் கோழி விழுந்தால் என் ஆத்தா ஓடுவாரே, அச்சு அசல் அதேதான். கோழிகள் நாலா பக்கமும் பறந்தன.

அப்புறம் திரும்பி வந்து, தோளை விட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து இருவரும் உட்கார்ந்தோம். பின்னாலிருந்து வேறு வேட்டைக்காரன் யாராவது சத்தத்தைக் கேட்டுச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த அகலம். அரை மணி நேரம் மூச்சு விடாமல் இருந்தோம். பிறகு அண்ணத்தில் வைக்கிற சின்ன ரப்பர் ஊதலை வாயில் போட்டு "கீ கீ கீ, யவ் யவ்" என்று மெல்லக் கூப்பிட்டார், தாயைத் தொலைத்த குஞ்சின் குரல். தூரத்திலிருந்து அதே மாதிரி ஒரு பதில். பத்து நிமிஷத்தில் ஒரு குஞ்சு, குஞ்சு என்றால் நம்ம ஊர்ச் சேவலை விடப் பெரிசு, கழுத்தை நீட்டி நீட்டி நடந்து வந்தது. இருபத்தைந்து கெஜத்தில் சுட்டேன். விழுந்தது. தாயைத் தேடி வந்ததை அடித்தோமே என்று ஒரு உறுத்தல் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. கழுத்துப் பக்க இறகு வெயிலில் தாமிரச் சொம்பு மாதிரி மின்னியது.

மான் மூன்றாம் நாள் மாலைதான் கிடைத்தது. துப்பாக்கியால் மான் அடிக்கும் ஒன்பது நாள் சீசன் நவம்பரில், தேங்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். அக்டோபரில் வில்லோ, விசையை அழுத்தி அம்பு விடும் கிராஸ்போவோதான். கம்பெனி எனக்கு ஒதுக்கியிருந்தது மேட்டு உச்சியில் ஒரு பரண். பெரியவர் சட்டைப் பையிலிருந்து மில்க்வீட் செடியின் காய் ஒன்றை எடுத்து, ஒரு இழைப் பஞ்சை ஊதிவிட்டார். நம்ம எருக்கம் பஞ்சேதான், செடியும் எருக்குக்குத் தூரத்துச் சொந்தம். பஞ்சு நேராகப் போகாமல் சரிவோடு கீழே இறங்கியது. வெயில் தாழ்ந்ததும் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும், மேலே உட்கார்ந்தால் நம் வாடை கீழே மேயும் மானுக்கு நேராகப் போய்ச் சேரும் என்றார். மானுக்கு மூக்குதான் எல்லாம். என்னைக் கீழே ஓடைப் பக்கத்துப் பரணில் ஏற்றினார். மேட்டுப் பரணில் இலினாயிஸ்காரர் ஒருவர் உட்கார்ந்தார், மூன்று நாளும் கொம்பு கொம்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ஒன்றும் வரவில்லை, சாப்பாட்டு மேஜையில் யாரிடமும் பேசவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஒரு பெண் மான் தனியாக வந்தது. ஓக் கொட்டையை அது கடிக்கிற சத்தம் பரணுக்குக் கேட்டது. இருபத்திரண்டு கெஜம். அம்பு போனதும் ஒரே துள்ளல், காட்டுக்குள் மறைந்துவிட்டது. உடனே இறங்கப் போனவனைப் பெரியவர் அடக்கி வைத்தார், அரை மணி நேரம். பிறகு டார்ச்சோடு மண்டியிட்டு, இலையில் இருந்த ரத்தத்தை விரலால் தொட்டுக் காட்டினார்: வெளிர்சிவப்பு, நுரை. நுரையீரல், சீக்கிரம் போயிருக்கும் என்றார். கறுப்பாக இருந்தால் ஈரல், சாண வாடை வந்தால் குடல், அப்படியென்றால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். ரத்தம் கண்ட இடத்தில் எல்லாம் டாய்லெட் பேப்பர் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டே போனோம். திரும்பிப் பார்த்தால் இருட்டில் வெள்ளையாக ஒரு கோடு, அதன் போக்கை வைத்து மான் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கணித்தார். தொண்ணூறு கெஜத்தில் கிடந்தது. வயிற்றைத் திறந்தபோது ஆவி எழுந்து அவர் கண்ணாடியை மறைத்தது. ஈரலை அங்கேயே விட்டுவிடப் பார்த்தார். ஜிப்லாக் பையை நீட்டினேன், "நீ சாப்பிடத் தெரிந்தவன்" என்றார்.

அந்தப் பழைய வாரை விட்டுவிட்டால், இதுவரை நூற்றுக்கு நூறு. இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

இந்தப் பகுதி மான்களிடம் சி.டபிள்யூ.டி. என்று ஒரு மெலிவு நோய் இருக்கிறது, விஸ்கான்சினில் 2002-ல் கண்டுபிடித்தார்கள். கிருமி இல்லை, பிரியான் என்கிற உருக்குலைந்த புரதம், வேகவைத்தாலும் சாகாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை ஆதாரம் இல்லை, ஆனால் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிடாதீர்கள் என்பதுதான் சுகாதாரத் துறையின் அறிவுரை. பரிசோதனை இலவசம். தலையைக் கழுத்து ஐந்து அங்குலத்தோடு வெட்டி, பையில் கட்டி, சீட்டை நிரப்பி, 24 மணி நேரமும் திறந்திருக்கும் பெட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான். "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று போட்டிருந்த கம்பெனி இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பெரியவர்தான் தன் டிரக்கில் கூட்டிப்போய்ப் போட வைத்தார். மானை அடித்த மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார்.

கறியை வெட்டிக் கொடுப்பது கம்பெனி கைகாட்டிய கடை. 135 டாலர், சாசேஜுக்குத் தனிக் காசு. பத்து நாளில் 38 பவுண்டு அட்டைப்பெட்டியில் வந்தது. வெட்டு நேர்த்தி, பேக்கிங் சுத்தம், லேபிள்கூட அழகு. பன்னிரண்டாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது, நோய் இல்லை. சந்தோஷத்தில் நன்றி சொல்லக் கடைக்குப் போன் போட்டேன். பேச்சுவாக்கில் அந்த ஆள் சொன்னார்: துண்டுகள் எல்லாம் உன் மான்தான், சாசேஜ் மட்டும் மொத்தமாக அரைப்போம், அஞ்சாறு பேர் கறி, பன்றிக் கொழுப்பு எல்லாம் சேர்த்து. மற்ற மான்களைச் சோதித்தார்களா என்று கேட்டேன். "அது அவங்கவங்க விருப்பம்." என் மானின் தலையை வெட்டிப் பையில் கட்டி நடுராத்திரி பெட்டியில் போட்டதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள். கம்பெனிக்கு எழுதினேன், "கடை தனி நிறுவனம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு வரி பதில். பேக்கேஜ் விளம்பரத்தில் அந்தக் கடையின் போட்டோ இன்னும் இருக்கிறது.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எந்தக் கடையாக இருந்தாலும் "என் மானைத் தனியாக அரைப்பீர்களா" என்று முதலிலேயே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். முடியாது என்றால் முழுத் துண்டுகளாக மட்டும் வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்ளுங்கள்.

கறி எப்படி என்று கேட்பீர்கள். மான் தொடைக்கறி மிளகு வறுவலுக்கு என்றே பிறந்தது, கொழுப்பே இல்லை, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டால் போதும். ஈரலை ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே முடித்துவிட்டோம். வான்கோழி நெஞ்சு நன்றாக இருந்தது. கால் மட்டும் குக்கரில் எட்டு விசில் வைத்தும் மசியவில்லை, உள்ளே நரம்பெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி எலும்பாகிக் கிடக்கிறது, ரசத்துக்குத்தான் ஆயிற்று.

கைடுக்கு ஐந்துக்கு ஐந்து, கம்பெனிக்கு இரண்டு. அடுத்த அக்டோபரில் பெரியவரைத் தனியாகப் பிடிக்க முடியுமா என்று பார்க்கிறேன். கராஜில் மடக்குமேஜை போட்டு நானே வெட்டிக்கொள்வதாகத் திட்டம், மனைவி பழைய பெட்ஷீட் இரண்டு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த ஒன்பது பவுண்டு சாசேஜ் இன்னும் ஃப்ரீசரின் அடித்தட்டில் இருக்கிறது. அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் இடம் வேண்டும் என்று கேட்கிறாள், நான் அடுத்த வாரம் என்கிறேன்.