ஸ்டார்லெட் ஜிடி: டிடி04 நல்லது, அந்த மலிவு பூஸ்ட் கன்ட்ரோலர்தான் சரியில்லை

என்னுடைய டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி82 மாடல், 1331 சிசி, புதிதில் 135 குதிரைவலு. பழைய சிடி9 டர்போ ஒயில் குடிக்கத் தொடங்கி, பின்னால் வருகிறவன் எல்லாம் நீலப் புகைக்குள் ஹோர்ன் அடிக்கிற நிலை வந்ததால் மாற்றினேன். பெரிய டர்போவாகப் போடு மச்சான் என்றார்கள். 1.3 லீட்டர் எஞ்சினில் அது சுழன்று எழும்புவதற்குள் மட்டக்களப்பில் வெளிக்கிட்டவன் ஏறாவூர் போய்விடுவேன். அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த டிடி04 டர்போ ஒன்று எடுத்தேன். வாங்கும்போது ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் பரவாயில்லை, முன்னும் பின்னும் நகர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சிடி9 போல உடனே எழும்பாது, ஆனால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டுவதில்லை.

பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றழுத்தம், எவ்வளவு என்று வைக்கிற இந்தக் கன்ட்ரோலர் கையால் திருகுகிற வகை. உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும், அவ்வளவுதான். நாம் வைத்த அளவு வரும்வரை குண்டு காற்றை மறிக்கும், வேஸ்ட்கேட் (பூஸ்ட் கூடாமல் புகையை டர்போவுக்குப் போகாமல் வெளியே விடுகிற கதவு) மூடியே இருக்கும், பூஸ்ட் சட்டென்று ஏறும். எளிமையான சாமான், அதிலும் பிழை விட்டிருக்கிறார்கள். வேஸ்ட்கேட்டைத் திறக்கிற அக்சுவேட்டர் பக்கம் காற்று கசிய ஊசிமுனைத் துளை ஒன்று வேண்டும், இதில் இல்லை. அடைபட்ட காற்று வேஸ்ட்கேட்டைத் திறந்தபடியே வைத்திருக்க, கியர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் கார் யோசித்து யோசித்துத்தான் இழுத்தது. கடைசியில் கராஜ் பாஸ்தான் துளை போட்டுத் தந்தார்.

மறுகா இன்னொன்று. கன்ட்ரோலர் பெட்டியில் ஹோஸ் இருந்தது, கிளிப் இல்லை. நானும் சும்மா செருகிவிட்டு, விடியக்காலை மாடு இல்லாத நேரமாகப் பார்த்து வாழைச்சேனைப் பக்கம் போனேன். கிரானுக்கு அங்கால் ஹோஸ் கழன்றது. வேஸ்ட்கேட்டுக்குக் காற்றே போகவில்லை, கேஜ் முள் 0.9 பாரை நோக்கி ஓடியது, டங் என்று ஒரு குலுக்கல், பியூல் கட்: பூஸ்ட் எல்லை மீறியதும் கம்ப்யூட்டரே பெற்றோலை நிறுத்திவிட்டது. "தம்பி, அந்த பியூல் கட்டை எடுத்துவிடுவமா?" என்று பாஸ் முதலே கேட்டவர், நான் மறுத்ததால் இன்றைக்கு பிஸ்டன் மிச்சம். ஸ்டாண்டர்ட் கம்ப்யூட்டரோடு ஓடுகிறவர்கள் தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

இப்போது 0.7 பார், 95 பெற்றோல் மட்டும். கச்சான் காற்று வெக்கையாக வீசுகிற மாதங்களில் 0.6, ஏனென்றால் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் இந்தக் காரில் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கல்லடிப் பாலத்தடியில் பத்து நிமிடம் நெரிசலில் நின்றாலே தொட முடியாது. இந்தத் திருகுக்கு அந்தச் சூடு தெரியாது, நாமே இறங்கித் திருக வேண்டும். அதற்குப் பஞ்சிப்படுகிறவர்கள் காசைச் சேர்த்து எலக்ட்ரானிக் ஒன்று வாங்குங்கள்.