சுவரோர இடைவெளி: சிமெண்டா, சீலண்டா?

போர்டிகோ டைல்ஸும் வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவு பிளவு விட்டிருந்தால், கொத்தனார் முதலில் கையில் எடுப்பது வெள்ளை சிமெண்ட்தான். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் வெளித்தரை வெயிலில் விரியும், மழையில் குளிர்ந்தால் சுருங்கும். நிரப்பிய மண் அமுங்கினால் தரையே இறங்கும். சுவரோ தன் அஸ்திவாரத்தில் அப்படியே நிற்கும். இறுகிய சிமெண்ட் இந்த இழுபறியைத் தாங்காது. மெல்லிய கீறல் விழும், அப்புறம் அதன் வழியே தண்ணீர் இறங்கி, உள்சுவரின் அடியில் பெயிண்ட் உப்பும்.

பாலியூரித்தேன் சீலண்ட், அதாவது இடைவெளியை அடைக்கும் ஒருவகைப் பசை, ரப்பர் மாதிரி இழுபடும். விலை கூடத்தான். பழைய சிமெண்டைச் சுரண்டி, தூசி தட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். 10 மி.மீ. இடைவெளிக்கு 12, 13 மி.மீ. தடிமன் உள்ள நுரைக்கயிற்றை உள்ளே அழுத்திவிட்டு, மேலே 6 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் சீலண்ட். கயிறு எதற்கு என்று கொத்தனார் சிரிப்பார், சிரிக்கட்டும். அது இல்லாவிட்டால் சீலண்ட் அடியிலும் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சாதாரண சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் நிற்காது.

என் ஓட்டு சீலண்டுக்கே. தரை இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் மட்டும் இரண்டுமே வீண். முதலில் அடிமண்ணைச் சரிசெய்யுங்கள்.