செய்யாத டெஸ்ட்டுக்கு ரிசல்ட் கொடுத்து ரூ.18,500 சுருட்டிய இதயப் பரிசோதனை பேக்கேஜ்

ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட் இன்று காலைதான் கைக்கு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எங்களை ஏமாற்றியது வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு ஆன்லைன் ஆப். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால் போடவில்லை. விவரம் படித்தாலே உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் பெரியண்ணனுக்கு 43 வயதில் மாரடைப்பு. சிகரெட் கிடையாது, சுகர் கிடையாது. ஸ்டென்ட் வைத்த டாக்டர், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் லிப்போபுரோட்டீன் (ஏ), சுருக்கமாக எல்பி(ஏ), ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள் என்றார். இது பிறவியிலேயே வரும் கொழுப்புத்துகள். லிப்பிட் புரொஃபைல் என்ற சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்ட்டில் தெரியாது. சாப்பாட்டைக் குறைத்தாலும் பெரிதாக இறங்காது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். வயது வந்த எல்லாரும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

ஆப்பில் தேடிப் பார்த்தேன், புக் செய்யவில்லை. அதற்குள் போன் வந்துவிட்டது. நல்ல தமிழில் பேசிய ஒரு பெண். "அண்ணா, உங்க வீட்ல யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் இருக்கா?" என்று கேட்டது. அண்ணன் கதையைச் சொன்னேன். "ஐயோ, 43 வயசா? எங்க அப்பாவும் இப்படித்தான் போனாருண்ணா. நீங்க விட்டுறாதீங்க" என்றது. அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். எல்பி(ஏ), அப்போ-பி (கெட்ட கொழுப்புத்துகள்களில் இருக்கும் புரதம்), நேரடியாக அளக்கும் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்), கூடவே இதய நிபுணர் ஆலோசனை, எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து ரூ.18,500. பேசிக்கொண்டிருக்கும்போதே லிங்க் வந்தது, கட்டிவிட்டேன்.

ரத்தம் எடுக்க வந்த பையன் ஆளுக்கு ஒரு மஞ்சள் மூடி டியூப் மட்டும் எடுத்தான். டியூபில் பெயர் ஒட்டவில்லை. "கீழே போய் ஒட்டிக்கிறேன் சார்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். ஐஸ் பெட்டி எதுவும் கையில் இல்லை.

மறுநாளே ரிப்போர்ட். எல்லாம் பச்சை நிறம். எல்பி(ஏ) 14.2. "சூப்பர்ணா, உங்களுக்கு அண்ணனோட பிரச்சினை இல்லை" என்று அதே பெண் சொன்னது. வீடே நிம்மதியானது. தங்கச்சிதான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் எல்பி(ஏ) 14.2. அப்போ-பி எனக்கு 88, அவளுக்கும் 88. மற்ற எண்கள் எல்லாம் வேறுவேறு, இந்த இரண்டு மட்டும் அச்சு அசலாக ஒன்று.

எல்.டி.எல்.லிலும் வேலை காட்டியிருக்கிறார்கள். என் மொத்தக் கொலஸ்ட்ரால் 231, ஹெச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பு) 462. நேரடியாக அளந்ததாகப் போட்டிருந்த எல்.டி.எல். 102.6. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 92.4. 231இல் 36ஐயும் 92.4ஐயும் கழித்துப் பாருங்கள், 102.6 தான் வரும். எல்.டி.எல்.லை அளக்காமல் கணக்குப் போட்டுச் சொல்ல ஃப்ரீடுவால்டு என்ற ஆராய்ச்சியாளர் 1972இல் கொடுத்த சூத்திரம் அது. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது. அளக்கவில்லை, கால்குலேட்டரில் தட்டியிருக்கிறார்கள், அதுவும் தப்பாக.

கேட்டால் முதலில் "மெஷின் வேரியேஷன் சார்". அண்ணா என்று கூப்பிட்டதெல்லாம் அன்றோடு சரி. அடுத்து டிக்கெட் நம்பர். அடுத்து "சாம்பிள் எடுத்த பிறகு ரீஃபண்ட் பாலிசி இல்லை". ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த லேபையே கூப்பிட்டேன். எங்களுக்கு வந்தது வெறும் லிப்பிட் புரொஃபைல் ஆர்டர்தான், எல்பி(ஏ) கேட்கவே இல்லை என்றார்கள். அதை ஆப்காரர்களிடம் சொன்னதும் சாட் மூடிவிட்டது. இதய நிபுணர் என்று போனில் வந்தவர் பதிவு எண்ணைக் கேட்டதும் மழுப்பினார்; மூன்று மாத ஒமேகா காப்ஸ்யூல் வாங்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி லேபில் திரும்ப எடுத்ததில் தங்கச்சிக்கு எல்பி(ஏ) 11. எனக்கு 96. புரிகிறதா? அந்தப் பச்சைத் தாளை நம்பி நான் சும்மா இருந்திருப்பேன். எல்பி(ஏ)யைக் குறைக்க ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை) உதவாதாம். ஆனால் அது இவ்வளவு இருப்பதால் எல்.டி.எல்.லை 70க்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்று டாக்டர் ஸ்டேட்டின் எழுதிக்கொடுத்துவிட்டார். ரூ.18,500 போனது ஒரு பக்கம். ஒரு மனுஷனின் மாரடைப்பு ஆபத்தை "நார்மல்" என்று அச்சடித்துக் கொடுக்க இவர்களுக்கு எப்படி மனசு வந்தது?

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: போனில் பேசும்போதே பணம் கட்டாதீர்கள். டியூபில் உங்கள் பெயரை உங்கள் கண் முன்னால் ஒட்டச் சொல்லுங்கள். லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் எடுக்கும் டெஸ்ட் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். டிரைகிளிசரைடு 400க்கு மேல் வந்தால் வெறும் வயிற்றில் திரும்ப எடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நான் புகார் பதிந்துவிட்டேன். இந்த மாதிரி பேக்கேஜ் எடுத்தவர்கள் வீட்டில் இரண்டு பேர் ரிப்போர்ட் இருந்தால் இன்றைக்கே எல்பி(ஏ) வரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எண் இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம்.