டவுன்ல வாக்மேன் ரிப்பேர், நம்பி குடுக்கலாம்

பழைய வாக்மேன் ஓடலன்னு யாரும் ஆக்கர் கடையில போட்றாதீங்க. நெல்லை டவுன் ரத வீதியில இருந்து பிரியுற ஒரு சந்துல சின்ன ரேடியோ கடை இருக்கு, போர்டு கூட சரியா தெரியாது, அங்க உள்ள அண்ணாச்சி இன்னும் கேசட் பிளேயர் பாக்காவ. எங்க அப்பா சவுதியில இருந்து கொண்டாந்த சோனி வாக்மேன், மோட்டார் சத்தம் கேக்கும் ஆனா கேசட் சுத்தாது. என் கண்ணு முன்னாலேயே கழட்டி காட்டுனாவ, மோட்டார் சுத்துறத கேசட்டுக்கு கடத்துற ரப்பர் பெல்ட் உருகி, அது ஓடுற சின்ன சக்கரத்துல (புல்லி) தார் மாதிரி ஒட்டிக் கெடக்கு. பழைய ரப்பர் ரொம்ப வருஷம் சும்மா கெடந்தா அப்டித்தான் ஆவுமாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்ச முக்கி கருப்பு போற வரைக்கும் பொறுமையா தொடச்சு, டேப்ப படிக்குற ஹெட்டு, டேப்ப இழுக்குற கேப்ஸ்டன் கம்பி, பிஞ்ச் ரோலர் உருளை எல்லாத்தையும் கிளீன் பண்ணி அளவு பாத்து புது பெல்ட் போட்டாவ.

அதோட விடல, அதான் எனக்கு ரொம்ப புடிச்சது. டேப் செகண்டுக்கு 4.76 செ.மீ. ஓடணும், இல்லன்னா பாட்டு சுருதியே மாறிரும்லா, அதுக்கு 3000 ஹெர்ட்ஸ் டோன் பதிஞ்ச கேசட்ட போட்டு மீட்டர்ல அதே 3000 காட்டுதான்னு பாத்துக்கிட்டே மோட்டார்ல உள்ள சின்ன ஸ்க்ரூவ நூல் நூலா திருப்பி செட் பண்ணுனாவ. இப்ப நாதஸ்வர கேசட் போட்டா சுருதி அலையாம அப்டியே நிக்கி.

பெல்ட் வெளியூர்ல இருந்து வரணும், அவசரப்பட்டா ஆவாது. ஹெட்போன் ஸ்பாஞ்சு அங்க கெடையாது. கூலி நியாயமாத்தான் வாங்குனாவ, "மாசம் ஒருக்காவாது ஓட விடுங்க தம்பி, ஓட்டலன்னா பேட்டரிய கழட்டி வச்சிருங்க"ன்னு சொல்லித்தான் குடுத்தாவ. போறவங்க மறக்காம ஒரு கேசட்டும் கொண்டு போங்க, அங்கனயே போட்டு கேட்டுட்டு வாங்கலாம்.