எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு: மணிமண்டபத்தோடு திரும்பிவிடாதீர்கள்

மணிமண்டபம் வேறு, பாரதி பிறந்த வீடு வேறு. ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டையும் பார்த்ததாக நினைத்து ஊர் திரும்பிவிட வேண்டாம். மண்டபம், கல்கி முன்னின்று நிதி திரட்ட, 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டி 1947இல் திறந்தது. வீடு 1882 டிசம்பர் 11 அன்று பாரதி பிறந்த இடம்; இப்போது அரசு நினைவில்லம். நேரம் குறைவென்றால் வீட்டுக்கே முதலில் போங்கள்.

ரயிலில் வருபவர்களுக்குக் கோவில்பட்டிதான் வசதி. அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர், பஸ் உண்டு. மதுரை–தூத்துக்குடி பஸ்ஸில் வந்தால், ஊருக்குள் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் பாரதி புழங்கிய பொருள்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். காசி, மதுரை, சென்னை, புதுச்சேரி, கடையம் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தவர். சேர்த்து வைக்க என்ன இருந்திருக்கும்? சுவர்களில் இருப்பவை பெரும்பாலும் படங்களும் நகல்களும். ஆனால் அந்தப் படங்களை அவசரமாகக் கடக்காதீர்கள். பாரதியின் அசல் புகைப்படங்களாக நமக்குக் கிடைத்தவை ஐந்தே. நாம் எங்கும் பார்க்கும் முண்டாசு முகம் ஓவியர்கள் வரைந்து வரைந்து நிலைத்தது. காரைக்குடியில் 1919இல் கையில் கழியோடு எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஓவியத்தில் இல்லாத மெலிவும் களைப்பும் தெரியும்.

வீட்டைப் பேசவைக்க ஒரு வழி உண்டு. பாரதி கவிதைகள் தொகுப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தந்தை சின்னசாமி ஐயரின் பஞ்சாலை முயற்சி நொடித்து, குடும்பம் தளர்ந்திருந்த 1897இல், படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீனுக்குப் பதினான்கு வயதுப் பையன் எழுதிய பாட்டை முற்றத்தருகே உட்கார்ந்து படியுங்கள். அடுத்து, 1919இல் அதே ஜமீனுக்கு அவர் எழுதிய சீட்டுக்கவிகள், அதாவது பாட்டாகவே எழுதிய கடிதங்கள். முன்னதில் பணிவு, பின்னதில் தலைநிமிர்ந்த உரிமை. இடையில் இருபத்திரண்டு வருடங்கள். எந்த விளக்கப் பலகையாலும் இதைச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் நினைவிடத்தையும், 1835இல் இங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியையும் பார்த்துவிடலாம். டிசம்பர் 11, செப்டம்பர் 11 இரண்டும் விழா நாள்கள். நிதானமாகப் படிக்க நினைப்பவர்கள் வேறு நாளில், வெயில் ஏறுமுன் போவது நல்லது.